வக்கீலம்மாவின் நோட்டீஸ்

1970 மார்ச் 16, திங்கட்கிழமை. நியூயார்க் பத்திரிகைக் கடைகளில் அந்த வார ‘நியூஸ்வீக்’ வந்து தொங்குகிறது. பளீரென்ற மஞ்சள் அட்டை. பெண்பாலைக் குறிக்கும் நீலக் குறியை முஷ்டியால் உடைத்துக்கொண்டு ஒரு சிவப்புப் பெண்ணுருவம் வெளியே வருகிறது. ‘கிளர்ந்தெழும் பெண்கள்’ என்று தலைப்பு.

அதே நாள், அதே ஊர். அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கத்தின் கூட்ட அறையில் நிருபர்களை வரவழைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் சில இளம்பெண்கள். எல்லோரும் நியூஸ்வீக் ஊழியர்கள். பக்கத்தில் அவர்களுடைய வக்கீல்: 32 வயது, கறுப்பினப் பெண், தலையில் பெரிய ஆஃப்ரோ முடி, வயிற்றில் பிள்ளை. “எங்களைப் பெண்கள் என்பதற்காகவே எழுதவிடாமல் வைத்திருக்கிறது எங்கள் பத்திரிகை” என்று 46 பேர் சேர்ந்து கொடுத்த புகாரை அன்று அவர் உலகத்துக்கு அறிவித்தார்.

அட்டைப்படக் கட்டுரை எழுதிப் பிழைக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடக் கூச்சம் தரும் கதை கிடையாது. பெண்களின் எழுச்சியைப் பற்றிய அந்தக் கட்டுரையை எழுத, நியூஸ்வீக் ஆசிரியர்கள் வெளியிலிருந்து ஒரு பெண் பத்திரிகையாளரைத் தேடிப் பிடித்தார்கள். உள்ளே ஆள் இல்லாமலா? நல்ல கல்லூரிகளில் படித்துத் தேறிய பெண்கள் டஜன் கணக்கில் இருந்தார்கள். மேஜை மேஜையாகத் தபால் கொடுக்கவும், செய்தித்தாள்களைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டவும், ஆண்கள் எழுதியதில் தேதியும் பெயரும் சரியா என்று பார்க்கவும் அவர்கள் வேண்டியிருந்தது. எழுத மட்டும் வேண்டாம். அவர்களோடு சமமாகப் படித்துவிட்டு வந்த பையன்கள் நேராக எழுத்தாளர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்கள்.

பெண்கள் கழிவறையில் குசுகுசுத்து ஆள் சேர்த்தார்கள். புகார் என்று வந்ததும் அவர்களில் பலர் தயங்கினார்கள். நிர்வாகத்தின் மனது நோகுமே என்ற கவலை வேறு. வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று வக்கீலம்மா அதட்டியதாக, அந்த 46 பேரில் ஒருவரான லின் போவிச் பிற்பாடு தன் நூலில் எழுதினார்.

அந்த வக்கீலம்மாவின் பெயர் எலினார் ஹோம்ஸ் நார்ட்டன். 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் நகரத்தின் போலீஸை அதிபர் டிரம்ப் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, வீதிகளில் தேசியக் காவல்படையை இறக்கினார். உலகமே அந்த ஊரைப் பற்றிப் பேசியது. அந்த ஊர் மக்கள் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்த ஒரே உறுப்பினர் இந்த நார்ட்டன்தான். அப்போது அவருக்கு வயது 88. சபையில் சட்டம் நிறைவேறும்போது போட அவருக்கு ஓட்டு கிடையாது.

கிரீன்வுட் போகிற பஸ்

நார்ட்டன் பிறந்ததே வாஷிங்டனில், 1937-ல். வர்ஜீனியா தோட்டமொன்றில் அடிமையாக இருந்து, ஒருநாள் நடையைக் கட்டி இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவர் அவருடைய கொள்ளுத் தாத்தா. அப்பா அரசு ஊழியர், அம்மா பள்ளி ஆசிரியை. படித்த டன்பார் பள்ளி கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன செய்தி அந்த வகுப்பறைக்கே வந்து சேர்ந்தது. பிறகு ஆண்டியோக் கல்லூரி, யேல் சட்டப் பள்ளி.

யேலில் படித்துக்கொண்டிருந்தபோதே, 1963 ஜூனில், மிசிசிப்பிக்குக் கிளம்பினார். ஜாக்சன் நகரில் அவரை வரவேற்று ஊர் சுற்றிக் காட்டியவர் மெட்கர் எவர்ஸ், அங்கே உரிமைப் போராட்டத்தின் முதுகெலும்பாக இருந்தவர். இங்கேயே தங்கி வேலை செய்யேன் என்று எவர்ஸ் கேட்டுப் பார்த்தார். கிரீன்வுட் போவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார் இவர். மாலையில் எவர்ஸே பஸ் நிலையத்தில் கொண்டுவந்து விட்டார். அன்று நள்ளிரவு தாண்டி, தன் வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்கிய எவர்ஸை மறைந்திருந்த ஒருவன் சுட்டுக் கொன்றான். கிரீன்வுட்டில் பொழுது விடிந்தபோது நார்ட்டனுக்குக் கிடைத்த செய்தி அது.

கூடவே இன்னொன்றும். வினோனா என்ற சிற்றூர்ச் சிறையில் உரிமைப் போராளி ஃபேனி லூ ஹேமரும் அவருடைய தோழர்களும் அடித்து நொறுக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். பார்க்கப் போனவரையும் பிடித்துப்போட்டு அடித்துவிட்டார்கள். யாராவது போயாக வேண்டும். நார்ட்டன் கிளம்பினார். ஆனால் நேராக வினோனா போகவில்லை. முதலில் கிரீன்வுட் போலீஸ் தலைவரிடம் போனார். நான் யார், எங்கே படிக்கிறேன், இப்போது எங்கே போகிறேன் என்று சொல்லி, வினோனா போலீஸுக்கும் தெரியப்படுத்தும்படி கேட்டுக்கொண்டு போனதாக அவரே பல பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். உள்ளே போனார், முழுசாகத் திரும்பி வந்தார்.

சட்டப் பரீட்சை எழுதி முடிக்காத பெண் கொடுத்த முதல் நோட்டீஸ் என்று இதை நான் எண்ணிக்கொள்வதுண்டு. என்ன நடக்கப் போகிறது என்பதைச் சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடு, இருட்டில் எதுவும் நடக்கவிடாதே. அதற்குப் பிறகு அவர் ஐம்பது அறுபது வருஷம் செய்ததில் பாதி, இந்த ஒரு காரியத்தின் வெவ்வேறு வடிவங்கள்தான்.

1963 ஆகஸ்டில் நடந்த வாஷிங்டன் பேரணிக்கு, அதை ஏற்பாடு செய்த பேயார்ட் ரஸ்டினின் நியூயார்க் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கடைசி இரவு டெலிபோனைக் கவனிக்க ஆள் வேண்டும் என்றதும் இவர் தங்கிக்கொண்டார். விடிந்தபின் விமானத்தில் வந்ததால், கூட்டத்தின் முழு அளவையும் மேலேயிருந்து பார்க்கிற பாக்கியம் கிடைத்தது.

பகைவனுக்கும் வக்காலத்து

1965-ல் குடிமை உரிமைகள் சங்கத்தில் வக்கீலாகச் சேர்ந்தார். உச்ச நீதிமன்றத்தில் அவர் ஜெயித்த வழக்கின் கட்சிக்காரர்கள் யார் தெரியுமா? தேசிய மாநில உரிமைக் கட்சி என்று பெயர் வைத்துக்கொண்ட வெள்ளை இனவெறிக் கும்பல்.

1966 ஆகஸ்டில் மேரிலாந்தின் பிரின்சஸ் ஆன் என்ற சிற்றூரில், நீதிமன்றக் கட்டடத்துக்கு அருகே கூட்டம் போட்டுக் கறுப்பர்களையும் யூதர்களையும் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். நாளைக்கும் வருவோம் என்று அறிவித்துவிட்டுப் போனார்கள். ஊர் அதிகாரிகள் நீதிபதியிடம் ஓடி, பத்து நாள் தடை உத்தரவு வாங்கிவிட்டார்கள். மறுதரப்புக்கு நோட்டீஸ் இல்லை, ஒரு போன் கூட இல்லை. கூட்டம் நின்றது.

அந்த உத்தரவு செல்லாது என்று வாதாடினார் நார்ட்டன். அந்தக் கும்பல் பேசியது சரியா என்ற விவாதத்துக்குள்ளேயே அவர் போகவில்லை. ஒருவன் வாயை மூட உத்தரவு போடுமுன் அவனைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா என்பதுதான் அவர் வாதம். 1968 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஒரு நீதிபதி கூட மாறுபடவில்லை. இன்றைக்குக் கறுப்பினத்தார் ஊர்வலத்துக்கு யாராவது இப்படி ஒருதலைப்பட்சமாகத் தடை வாங்கினாலும், இனவெறியருக்காகப் பெற்ற இந்தத் தீர்ப்பைத்தான் வக்கீல்கள் எடுத்து நீட்டுவார்கள்.

அதே 1968-ல் அலபாமாவின் ஜார்ஜ் வாலஸ் அதிபர் தேர்தலில் நின்றார். நிறப் பிரிவினைக்குக் கொடி பிடித்தவர். நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கத்தை அவர் கூட்டத்துக்குத் தர மாட்டேன் என்றார் மேயர் ஜான் லின்ட்சே. வாலஸுக்காக நீதிமன்றம் ஏறி நகர நிர்வாகத்தைத் தோற்கடித்தவர் நார்ட்டன். தோற்ற லின்ட்சே என்ன செய்தார்? 1970-ல் தன் நகரத்தின் மனித உரிமைகள் ஆணையத்துக்குத் தலைவராக அவரையே நியமித்தார். நம்மூர் அரசியலில் இப்படி ஒரு காட்சியை யோசித்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

நியூஸ்வீக் விவகாரம் 1970 ஆகஸ்டில் ஒப்பந்தத்தில் முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். நிர்வாகம் சொன்னதைச் செய்யாததால் 1972-ல் பெண்கள் வேறொரு வக்கீலை வைத்துக்கொண்டு மறுபடி புகார் கொடுக்க வேண்டியதாயிற்று. வாக்குறுதி வாங்குவதோடு வேலை முடிவதில்லை, அதை எண்ணிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நார்ட்டனின் அடுத்த பத்து வருஷம் அந்த ஆளாக இருந்ததில் கழிந்தது.

> ஈ.ஈ.ஓ.சி. — ஒரு பார்வை
>
> சம வேலைவாய்ப்பு ஆணையம். 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாவது பகுதியால் பிறந்தது. 1965 ஜூலையில் கதவைத் திறந்தது.
>
> ‘இனம், நிறம், மதம், பிறந்த நாடு’ என்ற பட்டியலில் ‘பால்’ என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித். குடிமை உரிமைச் சட்டத்தையே எதிர்த்தவர் அவர்.
>
> முதல் ஏழு வருஷம் சமரசம் பேசலாம், வழக்குப் போட முடியாது. அந்த அதிகாரம் 1972-ல்தான் வந்தது.
>
> முதல் பெண் தலைவர்: எலினார் ஹோம்ஸ் நார்ட்டன், 1977 முதல் 1981 வரை.

கோப்பு மலை

1977-ல் அதிபர் கார்ட்டர் அவரை இந்த ஆணையத்துக்குத் தலைவராக்கியபோது, முடிக்கப்படாத புகார்கள் லட்சத்தையொட்டிக் குவிந்து கிடந்தன. புகார் கொடுத்தவர் அதற்குள் வேலையை விட்டிருப்பார், சாட்சி சொல்ல வேண்டியவர் ஊர் மாறியிருப்பார், கம்பெனியே கைமாறியிருக்கும். நம் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதுவரை இருந்த முறை இது: புகார் வரும், அதிகாரி கம்பெனிக்குக் கடிதம் எழுதுவார், பதிலுக்குக் காத்திருப்பார், பதில் வந்தால் இன்னொரு கடிதம். நார்ட்டன் அந்தக் கடிதப் போக்குவரத்தை ஒடித்தார். புகாரைப் பெறும் அன்றே விவரமாகக் கேட்டு எழுது. சில வாரத்துக்குள் இரண்டு தரப்பையும் ஒரே மேஜைக்குக் கூப்பிடு. ஒரு பக்கம் வேலை மறுக்கப்பட்டவர், எதிரே கம்பெனி ஆள், தலைமாட்டில் ஆணைய அதிகாரி. வக்கீல் வரலாம், வாதாடக் கூடாது. கேள்வி கேட்பது அதிகாரி மட்டும். முகத்துக்கு நேரே உட்கார்ந்ததும் ஏராளமான புகார்கள் அங்கேயே தீர்ந்தன. பழைய மூட்டைகளுக்குத் தனி ஆட்களைப் போட்டார். அவர் பதவியைவிட்டு இறங்கும்போது மலை வெகுவாகக் கரைந்திருந்தது.

இதைக் குறை சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில் சின்னத் தொகைக்கு ஆளை அனுப்பிவிடுகிறார்கள், கம்பெனியின் மொத்த வழக்கமும் மாறாமல் நழுவிவிடுகிறது என்றார்கள். பெரிய நிறுவனங்களின் போக்கை மொத்தமாக ஆராயத் தனிப் பிரிவுகளை அமைத்துப் பார்த்தார் நார்ட்டன். அது வேர்விடுமுன் ஆட்சி மாறிவிட்டது. ஆனாலும் என் ஓட்டு அந்த மேஜைக்குத்தான். கோப்பு தூங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பின்னால் வந்த ஓர் உதாரணம் போதும். 1980-களின் பிற்பகுதியில், வயதைக் காட்டி வேலையைவிட்டு நீக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்களின் புகார்கள் இதே ஆணையத்தில் கிடந்து காலாவதியாகிவிட்டன. அவர்கள் வழக்குத் தொடுக்க அவகாசம் கொடுப்பதற்கென்றே 1988-ல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

தேர்தல் முடிந்து ஆறாம் நாள்

அலுவலகத்தில் மேலதிகாரி ஒரு பெண்ணைத் தொந்தரவு செய்தால், அது அவர்களுடைய சொந்த விவகாரம் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. 1970-களின் நடுவில் சில வழக்குகள் இந்தப் பார்வையை அசைக்கத் தொடங்கின. சட்ட அறிஞர் கேத்தரின் மெக்கின்னன் 1979-ல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். நார்ட்டன் அதை அரசு விதியாக்கினார்.

விதியில் இரண்டு கிளை. ஒன்று, இணங்கினால் பதவி உயர்வு, மறுத்தால் சீட்டுக் கிழிப்பு என்கிற பேரம். இது எல்லோருக்கும் புரிந்த விஷயம். இரண்டாவதுதான் புதிது: பேரமே இல்லாவிட்டாலும், ஒரு பெண் நிம்மதியாக வேலை பார்க்க முடியாதபடி அலுவலகச் சூழலையே நஞ்சாக்கினால் அதுவும் பாகுபாடு. 1980 ஏப்ரலில் இடைக்கால விதி வந்தது. நவம்பர் 4 தேர்தலில் கார்ட்டர் தோற்று ரீகன் ஜெயித்தார். நவம்பர் 10-ம் தேதி இறுதி விதி அரசிதழில் ஏறிவிட்டது. சாவியைக் கொடுக்குமுன் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டுவிட்டார் வக்கீலம்மா.

ஆணையத்தின் வழிகாட்டு விதிக்குச் சட்டத்தின் பலம் கிடையாது. வழிகாட்டலாம், அவ்வளவுதான். ஆனால் 1986-ல் மிஷெல் வின்சன் என்ற வங்கி ஊழியரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதிகள் கையில் எடுத்தது இந்த விதியைத்தான். தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியான ரெங்க்விஸ்ட். அதன் பிறகு அமெரிக்காவில் எந்தக் கம்பெனியும் ‘அது அவர்கள் சொந்த விஷயம்’ என்று கையை விரிக்க முடியவில்லை.

அந்த விதியில் ஒரு சொல் இருக்கிறது, ‘விரும்பத்தகாத’ என்று. சம்மதம் இருந்ததா என்று குடைவதைவிட, அந்த நடத்தையை அவர் விரும்பி வரவேற்றாரா என்று கேட்கிற சொல். இதே சொல் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழு 1992-ல் கொடுத்த விளக்கத்தில் வருகிறது. 1997-ல் நம் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் ஐ.நா. உடன்படிக்கையை ஆதாரமாகக் கொண்டு நெறிமுறை வகுத்தபோது அதிலும் வந்தது. 2013 சட்டத்திலும் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் உள்ளகக் குழு வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்; அந்தக் குழுவை நம் அலுவலகங்களில் இன்னும் ‘விசாகா கமிட்டி’ என்றே சொல்கிறோம். கமிட்டி பெயர்ப் பலகையை மாட்டிவிட்டுக் கூட்டமே போடாத அலுவலகங்களைப் பற்றி வேறொரு வாரம் எழுதலாம்.

செனட் படிக்கட்டில் ஏழு பேர்

நார்ட்டன் உட்கார்ந்த நாற்காலியில் 1982-ல் வந்து உட்கார்ந்தவர் கிளாரன்ஸ் தாமஸ். எட்டு ஆண்டுகள் இருந்தார். 1991-ல் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக முன்மொழிந்தார் அதிபர் புஷ். அந்த ஆணையத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த அனிதா ஹில், தன்னிடம் அவர் ஆபாசமாகப் பேசித் தொந்தரவு செய்ததாகச் சொன்ன செய்தி அக்டோபரில் வெளியே வந்தது. தாமஸ் அத்தனையையும் மறுத்தார். எந்த ஆணையம் இந்தக் குற்றத்துக்கு இலக்கணம் எழுதியதோ, அந்த ஆணையத்துக்குள்ளேயே நடந்ததாகச் சொல்லப்பட்ட குற்றம்.

அக்டோபர் 8. அன்று மாலையே அந்த நியமனத்துக்கு ஓட்டெடுப்பு நடத்திவிட இருந்தது செனட். பிரதிநிதிகள் சபையிலிருந்து ஏழு பெண் உறுப்பினர்கள் கிளம்பி, செனட் பக்கத்துப் படிக்கட்டில் விறுவிறுவென்று ஏறினார்கள். மறுநாள் பத்திரிகைகளில் வந்த அந்தப் படம் வெகு பிரசித்தம். ஏழு பேரில் நார்ட்டனும் ஒருவர். ஜனநாயகக் கட்சி செனட்டர்கள் மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தில் இருந்தார்கள். கதவைத் தட்டியவர்களுக்கு, வெளியாட்களுக்கு அனுமதி இல்லை என்ற பதில் வந்தது. நூறு பேர் கொண்ட செனட்டில் அப்போது பெண்கள் இரண்டே பேர்.

ஏழு பேர் கேட்டது தாமஸைத் தோற்கடியுங்கள் என்றல்ல. அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான். பிரின்சஸ் ஆன் வழக்கில் நார்ட்டன் இனவெறியருக்காகக் கேட்டதும் இதுவே. ஓட்டெடுப்பு ஒரு வாரம் தள்ளிப் போனது. அனிதா ஹில் தொலைக்காட்சி முன் சாட்சி சொன்னார், நாடே பார்த்தது. 52-க்கு 48 என்று தாமஸ் ஜெயித்து நீதிபதி ஆனார், இன்னும் அங்கே இருக்கிறார். ஆனால் பாலியல் தொந்தரவுப் புகார்கள் ஆணையத்தில் எகிறியது அதற்குப் பிறகுதான். அடுத்த ஆண்டுத் தேர்தலில் பெண்கள் முன்னெப்போதும் இல்லாத எண்ணிக்கையில் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள்.

> வாஷிங்டன் டி.சி. — விநோதக் கணக்கு
>
> மக்கள்தொகை சுமார் 7 லட்சம். வயோமிங், வெர்மான்ட் மாநிலங்களைவிட அதிகம்.
>
> வயோமிங்குக்கு செனட்டர் 2, ஓட்டுள்ள பிரதிநிதி 1. டி.சி.க்கு செனட்டர் இல்லை, ஓட்டில்லாப் பிரதிநிதி 1.
>
> அதிபர் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்தது 1961-ல் வந்த 23-வது திருத்தத்தால். சொந்த மேயரும் மன்றமும் 1973 சட்டத்தால். மன்றம் போடும் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்யலாம்.
>
> மாநிலங்களில் தேசியக் காவல்படை ஆளுநரின் கீழ். டி.சி.யில் மேயருக்கு அந்த அதிகாரம் இல்லை, அதிபருக்கே.
>
> கார் நம்பர் பிளேட்டில் 2000-ல் ஏறிய வாசகம்: ‘பிரதிநிதித்துவம் இல்லாத வரி’.

ஓட்டில்லாத நாற்காலி

1990-ல் முதல் தடவை தேர்தலில் நின்றபோதே கவிழ்ந்திருக்க வேண்டியவர் நார்ட்டன். 1982-லிருந்து பல வருஷம் அவரும் கணவரும் நகர வருமான வரிக் கணக்கையே தாக்கல் செய்யவில்லை என்பது, வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சித் தேர்தலுக்குச் சில நாள் முன்பு அம்பலமானது. கணக்கு வழக்கெல்லாம் கணவர் பார்த்துக்கொண்டார், எனக்குத் தெரியாது என்றார். பாக்கியையும் அபராதத்தையும் கட்டினார்கள். அந்த மண வாழ்க்கை அதன் பிறகு நிலைக்கவில்லை. கம்பெனிகளின் கணக்கைத் துருவித் துருவிப் பார்த்த ஒருவர் தன் வீட்டுக் கணக்கைப் பார்க்கவில்லை என்பது சிரிப்பதற்கான விஷயம் இல்லை, மன்னிப்பதும் சுலபமில்லை. டி.சி. மக்கள் மன்னித்து அனுப்பினார்கள். 1991 ஜனவரியிலிருந்து தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சபையில் அவர் பேசலாம், மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் ஓட்டுப் போடலாம். சபையே குழுவாகக் கூடி விவாதிக்கும் கட்டத்தில் ஓட்டுப் போட 1993-ல் ஓர் ஏற்பாடு வந்தது. 1995-ல் குடியரசுக் கட்சி பெரும்பான்மைக்கு வந்ததும் பறித்துக்கொண்டது. 2007-ல் மறுபடி வந்தது, 2011-ல் மறுபடி போனது. அதுவும் முழு ஓட்டு இல்லை. முடிவையே மாற்றும் அளவுக்கு அந்த ஓட்டுகள் வந்தால், அவற்றை நீக்கிவிட்டுத் திரும்ப எண்ண வேண்டும்.

ஒரே ஒரு முழு ஓட்டாவது வாங்கிவிடலாம் என்று பல வருஷம் பாடுபட்டார். 2007-ல் பிரதிநிதிகள் சபை ஒப்புக்கொண்டது. செனட்டில் விவாதத்தை எடுக்கவே 60 ஓட்டு வேண்டும், 57-தான் கிடைத்தது. 2009-ல் செனட்டே 61 ஓட்டோடு நிறைவேற்றியது, ஆனால் வாலில் ஒரு வெடியைக் கட்டி அனுப்பியது: டி.சி.யின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் ரத்து. ஓட்டு வேண்டுமென்றால் வீதியில் துப்பாக்கியை ஏற்றுக்கொள் என்கிற பேரம். மசோதா அதோடு செத்தது. டி.சி. பிள்ளைகள் மாநிலங்களின் அரசுக் கல்லூரிகளில் உள்ளூர்க் கட்டணத்தில் படிக்க 1999-ல் அவர் வாங்கிக் கொடுத்த உதவித்தொகை மட்டும் சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. அந்த ஊர்க் குடும்பங்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்களோ என்னவோ.

2025-ல் படை இறங்கியபோது, இந்த வயதில் இவரால் மல்லுக்கட்ட முடியுமா, இளையவருக்கு வழிவிட வேண்டாமா என்று அவர் கட்சிக்காரர்களே வெளிப்படையாகக் கேட்டார்கள். கேட்டதில் தப்பில்லை.

ஆண்டாண்டாக அவர் கொண்டுவந்த இன்னொரு மசோதா டி.சி.யை 51-வது மாநிலமாக்குவது. அதனால் அதன் எண்ணே 51. 2020 ஜூனில் முதல் முறையாகப் பிரதிநிதிகள் சபையில் ஜெயித்தது. 2021 ஏப்ரல் 22 அன்று இரண்டாம் முறை எடுத்துக்கொண்டார்கள். நார்ட்டன் எழுந்து, வர்ஜீனியா தோட்டத்திலிருந்து நடந்து வந்த கொள்ளுத் தாத்தாவின் கொள்ளுப் பேத்தியாக, தன் ஊருக்காகப் பேசினார். ஓட்டெடுப்பு நடந்தது. சுவர்ப் பலகையில் ஒவ்வோர் உறுப்பினர் பெயருக்கு நேராகவும் விளக்கு எரிந்தது. ஆதரவு 216, எதிர்ப்பு 208. மசோதாவைக் கொண்டுவந்தவரின் ஓட்டு அந்த 216-ல் இல்லை.